‘தானாக’ என்னும் சொல்லின் வரலாறு: உட்குருதிப்போக்கும் உறைவெதிர்ப்பு மருந்துகளும்

மருத்துவப் பதிவேடுகளில் ‘தன்னியல்பான குருதிப்போக்கு’ என்றொரு தொடர் உண்டு. அடிபடாமல், கத்தி படாமல், வெளிப்படையான காரணம் ஏதுமின்றி உடலுக்குள்ளேயே இரத்தம் கசிந்து தேங்குவதை அது குறிக்கிறது. மூளைக்குள் நேரலாம், வயிற்றறைக்குப் பின்புறம் நேரலாம், சிறுநீரகத்தைச் சுற்றி நேரலாம், இடுப்பையும் தொடையையும் இணைக்கும் தசைக்குள்ளும் நேரலாம். நோயாளி உறைவைத் தடுக்கும் மருந்து உண்பவராயின் பழி உடனே மருந்தின்மேல் விழுகிறது. உண்ணாதவராயின் ‘தானாக நேர்ந்தது’ என்று எழுதி முடித்துவிடும் போக்கு தலைதூக்குகிறது. பார்வைக்கு எதிரெதிரான இவ்விரு தீர்ப்புகளும் காரணத் தேடலைப் பாதியிலேயே நிறுத்திவிடுகின்றன என்ற அளவில் ஒன்றே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அதற்குச் சான்றாக ஏறத்தாழ நூறாண்டு மருத்துவ வரலாற்றையும், தேவைப்படும் இடங்களில் அதற்கு முந்தைய செய்திகளையும் தொகுத்து வைக்கிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். பேச்சுவழக்கில் ‘பிளட் தின்னர்’ என்றும் ‘இரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை’ என்றும் வழங்கப்படும் மருந்துகள் உண்மையில் இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. உறைவதற்கு வேண்டிய புரதங்களில் ஒன்றையோ பலவற்றையோ முடக்குபவை ஒரு வகை. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுப்பவை இன்னொரு வகை. முன்னதை உறைவெதிர்ப்பு மருந்து என்றும் பின்னதைத் தட்டணு எதிர்ப்பு மருந்து என்றும் சொல்லலாம். இங்குப் பேசப்படுவது பெரும்பாலும் முன்னதைப் பற்றியே.

1. மருந்துக்கு முந்தைய குருதி

காயமின்றி இரத்தம் வெளிப்படுதலைப் பண்டை மருத்துவம் நன்கறிந்திருந்தது. சரக சம்ஹிதையின் நிதானஸ்தானமும் சிகிச்சாஸ்தானமும் ‘இரத்தபித்தம்’ என்னும் நோயைத் தனி இயலாகவே பேசுகின்றன. வாய், மூக்கு, கண், காது வழியே மேல்நோக்கி வெளிப்படுவது, கழிவு வழிகளில் கீழ்நோக்கி வெளிப்படுவது, இருவழியும் வெளிப்படுவது என மூன்றாக அது பகுக்கப்பட்டது. முதலாவது தீர்க்கத்தக்கது, இரண்டாவது அடக்கி வைக்கத்தக்கது, மூன்றாவது தீராதது என்பது அந்நூலின் முடிபு. காரணம் உணவிலும் வெப்பத்திலும் பித்தத்தின் சீற்றத்திலும் தேடப்பட்டது. அவ்விளக்கத்தை இன்று நாம் ஏற்பதில்லை. எனினும் காரணமின்றி நேர்ந்தது என்ற கருத்துக்கு அங்கு இடமிருக்கவில்லை என்பது கருதத்தக்கது.

யூதர்களின் தால்முத் நூல், விருத்தசேதனத்தின்போது இரு ஆண்மக்கள் இரத்தம் பெருகி இறந்திருப்பின் அடுத்துப் பிறக்கும் மகனுக்கு அச்சடங்கிலிருந்து விலக்களிக்கிறது. கோர்தோபா நகரத்து மருத்துவர் அல்-ஸஹ்ராவி 10-ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலத்தில், சிறு காயத்துக்கும் இரத்தம் நிற்காமல் ஆண்கள் மடியும் ஒரு சிற்றூரைப் பற்றி எழுதினார். இவை யாவும் கண்ணுக்குத் தெரிந்த குருதியைப் பற்றியவை. உடலுக்குள்ளேயே பெருகி உள்ளேயே தேங்கும் குருதி, பிணப்பரிசோதனை வழக்குக்கு வரும்வரை அறிவின் எல்லைக்குள் வரவில்லை.

அவ்வெல்லையை விரித்தவர்களுள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரத்து மருத்துவர் யோகான் யாகோப் வெப்ஃபர். திடீரென வீழ்ந்து உணர்விழந்து இறந்தோரின் உடல்களைத் திறந்து பார்த்து, அவர்களுள் சிலரின் மூளைக்குள் இரத்தம் பெருகியிருந்ததை 1658-இல் வெளியிட்ட நூலில் அவர் பதிவு செய்தார். அதுவரை உடலின் நீர்மங்கள் பிறழ்ந்ததன் விளைவு என்று சொல்லப்பட்டுவந்த ஒரு வீழ்ச்சிக்கு, குறிப்பிட்ட இடத்தில் உடைந்த ஒரு குழாய் காரணமாயிற்று.

2. காரணம் ஒளிந்திருந்த மூன்று இடங்கள்

19-ஆம் நூற்றாண்டில் இத்தேடல் மூன்று திசைகளில் விரிந்தது எனலாம்: இரத்தக் குழாய், இரத்தம், உறுப்பு.

குழாயைப் பற்றியது முதலாவது. பாரிஸில் ஷார்க்கோவும் பூஷாரும் 1868-இல், மூளைக் குருதிப்போக்கால் இறந்தோரின் மூளையில் நுண்தமனிகளில் தோன்றிய சிறு புடைப்புகளை விவரித்தனர். 1896-இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி இரத்த அழுத்தமானியை வடிவமைத்தார்; 1905-இல் ரஷ்யாவின் கொரோட்கோவ் காதால் கேட்டு அழுத்தம் அளக்கும் முறையைச் சேர்த்தார். பல்லாண்டுக்கால உயர் இரத்த அழுத்தம் நுண்தமனிகளை நைந்துபோகச் செய்கிறது என்பது அதன்பின் படிப்படியாகத் தெளிந்தது. முதியோரின் மூளைத் தமனிச் சுவரில் அமிலாய்டு என்னும் புரதம் படிந்து அதனை எளிதில் முறியச் செய்வதும் பின்னர் நிறுவப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் மருத்துவ இலக்கியம் அதனைத் ‘தன்னியல்பான மூளைக் குருதிப்போக்கு’ என்றே அழைத்துவருகிறது. காரணம் தெரிந்த பின்னும் பழைய பெயர் நிலைத்துவிட்டது.

இரத்தத்தைப் பற்றியது இரண்டாவது. 1803-இல் பிலடெல்பியா மருத்துவர் ஜான் கான்ராட் ஆட்டோ, இரத்தம் பெருகும் இயல்பு சில குடும்பங்களின் ஆண்களிடம் மட்டுமே தோன்றுவதையும், தாங்கள் பாதிக்கப்படாத பெண்கள் அதனைத் தம் மகன்களுக்குக் கடத்துவதையும் எழுதினார். ஹீமோஃபிலியா என்று பின்னர் பெயர்பெற்ற நோய் இதுவே. 1926-இல் பின்லாந்து மருத்துவர் எரிக் ஃபான் வில்லேபிராண்ட், ஆலந்துத் தீவுகளில் ஆண் பெண் இருபாலரையும் தாக்கும் வேறொரு மரபுவழிக் குருதிநோயை இனங்கண்டார்.

உறுப்பைப் பற்றியது மூன்றாவது. உடல் வெப்பமானியை மருத்துவமனை வழக்கமாக்கிய லைப்சிக் பேராசிரியர் கார்ல் வுண்டர்லிஹ், சிறுநீரகத்தைச் சுற்றித் திடீரெனப் பெருகும் குருதியை 1856-இல் விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அவ்வாறு பெருகுவதற்குப் பெரும்பாலும் சிறுநீரகத்திலுள்ள ஒரு கட்டியே காரணம் என்பதும், அவற்றுள் புற்றுநோயும் அடங்கும் என்பதும் பின்னர்த் தெரியவந்தன.

ஆகக் குழாய் நைந்திருக்கலாம், இரத்தம் உறையாதிருக்கலாம், உறுப்பில் கட்டி ஒளிந்திருக்கலாம். இம்மூன்றும் ஒரே உடலில் ஒருங்கே அமையவும் கூடும். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மருந்தின் வரலாற்றுக்குள் நுழைவோம்.

3. புல்வெளியில் செத்த மாடுகள்

உறைவெதிர்ப்பு மாத்திரையின் வரலாறு மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1920-களின் தொடக்கத்தில் கனடாவிலும் வட டகோட்டாவிலும் மாடுகள் விளங்காத முறையில் இரத்தம் பெருகி மடிந்தன. கொம்பு நீக்கிய 22 பசுக்களில் 21 இறந்தன. காயடித்த 25 காளைக் கன்றுகளில் 12 இறந்தன. எவ்விதக் காயமுமின்றி, தசைக்குள்ளும் தோலுக்கடியிலும் இரத்தம் தேங்கி மடிந்தவையும் உண்டு. தொற்றுநோய் எனப் பலரும் ஐயுற்றனர்.

ஒன்டாரியோ கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு காரணத்தைத் தீவனத்தில் தேடினார். (கொரியாவில் பணியாற்றியபோது 1919 மார்ச் விடுதலை எழுச்சியையும் ஜப்பானிய அடக்குமுறையையும் ஒளிப்படங்களில் பதிவு செய்தவரும் இவரே. 1970-இல் மறைந்த அவர் சியோலில் உள்ள தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.) மாடுகள் உண்டது ‘ஸ்வீட் குளோவர்’ என்னும் தீவனப் பயிரின் உலர்புல். ஈரமான பருவத்தில் அது பூசணம் பிடித்துவிட்டிருந்தது. வேறு தீவனம் வாங்க வழியற்ற உழவர்கள் அதனையே போட்டனர். ஸ்கோஃபீல்டு ஒரே போரிலிருந்து நல்ல தண்டுகளையும் கெட்ட தண்டுகளையும் பிரித்தெடுத்து முயல்களுக்குத் தனித்தனியே ஊட்டினார். கெட்டதை உண்ட முயல் குருதி பெருகி மடிந்தது; நல்லதை உண்டது பிழைத்தது. வட டகோட்டாவின் ரோடரிக் இதனைத் தொடர்ந்து ஆராய்ந்து, நோயுற்ற மாட்டின் இரத்தத்தில் புரோத்ராம்பின் என்னும் உறைவுப் பொருள் குன்றியிருப்பதைக் காட்டினார். தீவனத்தை நிறுத்துவதும் நல்ல மாட்டின் புதிய இரத்தத்தைச் செலுத்துவதும் தீர்வாயின.

1933 பிப்ரவரியில், கடும் பனிப்புயலின்போது, விஸ்கான்சின் மாநிலத்து உழவர் ஒருவர் இறந்த கிடாரியையும், உறையாத இரத்தம் நிறைந்த பால் கேனையும், நூறு பவுண்டு கெட்ட உலர்புல்லையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ 190 மைல் கடந்து மாடிசன் நகருக்கு வந்தார். கால்நடை அலுவலகம் பூட்டியிருந்தமையால் திறந்திருந்த உயிர்வேதியியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தார். அங்கிருந்தவர் கார்ல் பால் லிங்க். தீவனத்தை நிறுத்துமாறும் இரத்தம் செலுத்துமாறும் சொல்வதற்கு மேல் அன்று லிங்க்கிடம் விடையில்லை. அந்நஞ்சைப் பிரித்தெடுக்க அவர் குழுவினருக்கு ஆறாண்டுகள் ஆயின. 1939-இல் ஹரால்டு கேம்ப்பெல் அதனைப் படிகமாகப் பெற்றார். புதிதாக வெட்டிய புல்லின் நறுமணத்துக்குக் காரணமான கூமரின் தீங்கற்றது. பூசணம் அதனை மாற்றியமைத்த டைகூமரால் என்னும் பொருளே உறைவைத் தடுத்தது.

பெயரில்லாமலும் காரணமில்லாமலும் தொடங்கிய ஒரு குருதிப்போக்கு இவ்வாறு ஒரு வேதிவாய்பாட்டில் வந்து முடிந்தது. அவ்வாய்பாடே பின்னர் மருந்தாயிற்று.

4. கோபன்ஹேகனின் கோழிக்குஞ்சுகள்

அதே ஆண்டுகளில் அட்லாண்டிக்கின் மறுகரையில், ஒன்றும் ஊட்டப்படாமையால் இரத்தம் பெருகிய உயிர்களை ஒருவர் கண்டார். கோபன்ஹேகனின் ஹென்ரிக் டாம் கொலஸ்டிரால் பற்றிய ஆய்வுக்காகக் கொழுப்பு நீக்கிய உணவைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துவந்தார். 1929-இல் அவற்றின் தோலடியிலும் தசையிலும் இரத்தம் தேங்குவதைக் குறிப்பிட்டார். கொலஸ்டிராலைத் திரும்பச் சேர்த்தும் பயனில்லை. அன்று அறியப்பட்டிருந்த வைட்டமின்களும் உதவவில்லை. விடுபட்டது புதியதொரு பொருள் என்று முடிவுகட்டிய அவர், ‘உறைதல்’ என்னும் பொருள்படும் சொல்லின் முதலெழுத்தால் அதற்கு வைட்டமின் கே எனப் பெயரிட்டார். அமெரிக்காவின் எட்வர்டு டாய்சி 1939-இல் அதனைத் தூய வடிவில் பெற்று அமைப்பையும் கண்டார். இருவரும் 1943-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

டகோட்டாவின் மாடு நஞ்சுண்டது. கோபன்ஹேகனின் குஞ்சுக்குச் சத்துக் குறைந்தது. வெவ்வேறான இவ்விரு நிலைகளும் கல்லீரலின் ஒரே வேதிவினையில் சந்திக்கின்றன என்பதை நிறுவ மேலும் நான்கு பத்தாண்டுகள் தேவைப்பட்டன. வைட்டமின் கே-யின் துணையோடுதான் உறைவுப் புரதங்கள் சிலவற்றின் குளூட்டமிக் அமிலக் கூறுகள் கால்சியத்தைப் பற்றும் திறன் பெறுகின்றன என்பது 1974-இல் தெளிந்தது. பயன்பட்ட வைட்டமினை மீண்டும் பயனுக்குரியதாக்கும் நொதியையே இம்மருந்துகள் தடுக்கின்றன என்பது 1978-இல் காட்டப்பட்டது. அந்நொதிக்குரிய மரபணு 2004-இல் கண்டறியப்பட்டது. ஒரே அளவு மாத்திரை ஒருவருக்குப் போதாமலும் இன்னொருவருக்கு மிகையாகவும் ஆவதற்கு இம்மரபணுவின் வேறுபாடுகளும் ஒரு காரணம். முன்னர் ‘இந்நோயாளியின் உடல்வாகு’ என்று சொல்லி விடப்பட்ட ஒன்று இவ்வாறு விளக்கம் பெற்றது.

5. எலி நஞ்சிலிருந்து குடியரசுத் தலைவர் வரை

டைகூமரால் 1940-களின் தொடக்கத்திலேயே மனித மருத்துவத்தில் புகுந்தது. அதைக் காட்டிலும் வலிய சேர்மங்களை லிங்க் குழுவினர் ஒன்றன்பின் ஒன்றாக ஆக்கினர். அவற்றுள் ஒன்று 1948-இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்தது. ஆய்வுக்கு நிதி வழங்கிய விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆய்வு நிறுவனத்தின் பெயரெழுத்துகளையும் கூமரினின் ஈற்றையும் இணைத்து அதற்கு வார்ஃபரின் எனப் பெயரிடப்பட்டது.

எலி நஞ்சை மனிதனுக்குக் கொடுக்க மருத்துவர்கள் தயங்கினர். 1951-இல் அமெரிக்கப் படையில் சேர்க்கப்பட்ட இளைஞர் ஒருவர் தற்கொலை எண்ணத்துடன் 567 மில்லிகிராம் வார்ஃபரினைப் பல தவணைகளில் உட்கொண்டார். கடற்படை மருத்துவமனையில் அவருக்கு வைட்டமின் கே-யும் இரத்தமும் செலுத்தப்பட்டன. அவர் முற்றிலும் குணமடைந்தார். இம்மருந்தின் விளைவை மாற்றியமைக்க இயலும் என்பதற்கு அது சான்றாயிற்று. 1954-இல் மனிதருக்கான ஒப்புதல் கிடைத்தது. 1955-இல் மாரடைப்புக்குள்ளான அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கும் இம்மருந்து கொடுக்கப்பட்டது.

மருந்தோடு கூடவே அதன் குருதிப்போக்குகளும் வந்தன. இடுப்புத் தசைக்குள் இரத்தம் தேங்கித் தொடை நரம்பை அழுத்துவதால் கால் தளர்வது அவற்றுள் ஒன்று. அதே தசையில், அதே முறையில் இரத்தம் தேங்குவதை ஹீமோஃபிலியா நோயாளிகளிடமும் மருத்துவர்கள் காண்கின்றனர். ஒருவர் மருந்தால் இந்நிலையை எய்தினார். மற்றவர் பிறப்பால் எய்தினார். படத்தை மட்டும் பார்த்து இருவரையும் பிரித்தறிய இயலாது.

6. அளவுகோலின் பிழை

மருந்துண்ட நோயாளிகளின் குருதிப்போக்கு முழுவதும் மருந்தின் குற்றமா? இவ்வினாவுக்கு ஆய்வகத்தின் வரலாறு எதிர்பாராத விடையொன்றைத் தருகிறது.

1935-இல் ஆர்மண்டு குவிக் வகுத்த புரோத்ராம்பின் நேரச் சோதனையைக் கொண்டே மாத்திரையின் அளவு தீர்மானிக்கப்பட்டது. அச்சோதனைக்கு விலங்கின் அல்லது மனிதரின் திசுவிலிருந்து எடுத்த வினைப்பொருள் தேவை. இங்கிலாந்தில் மான்செஸ்டரின் லியோன் போலர் மனித மூளையிலிருந்து ஆக்கிய வினைப்பொருள் நுண்ணுணர்வு மிக்கது. வட அமெரிக்காவில் புழங்கிய முயல்திசு வினைப்பொருள் அத்துணை நுண்ணுணர்வற்றது. தாளில் ஒரே எண்ணை எட்டுவதற்கு அமெரிக்க நோயாளி அதிக மாத்திரை உண்ண வேண்டியிருந்தது. ஆனால் அதிகம் உண்கிறோம் என்பதை மருத்துவரும் அறியவில்லை, நோயாளியும் அறியவில்லை.

1982-இல் கனடாவின் ஹாமில்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கால் நாளத்தில் உறைவு கண்ட நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை வட அமெரிக்க முறையிலும் மற்றதை மான்செஸ்டர் வினைப்பொருளைக் கொண்டும் கண்காணித்தனர். குருதிப்போக்கு முதற்பிரிவில் 22 விழுக்காடு. இரண்டாம் பிரிவில் 4 விழுக்காடு. உறைவு மீண்டும் தோன்றுவதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. அடுத்த ஆண்டே, 1983-இல், உலக சுகாதார நிறுவனம் வினைப்பொருள்களின் வேறுபாட்டைச் சமன்செய்யும் பன்னாட்டு அளவையை ஏற்றது. இன்று ஆய்வக அறிக்கைகளில் ‘ஐ.என்.ஆர்.’ என நாம் காண்பது அதுவே.

இதிலிருந்து வரலாற்று மாணவர் கொள்ளத்தக்க பாடம் தெளிவு. பல்லாண்டுகளாக மருந்தின் இயல்பு என்றும் நோயாளியின் ஊழ் என்றும் கருதப்பட்ட குருதிப்போக்குகளில் ஒரு பகுதி, சோதனைக் குழாய்க்குள் இருந்த வினைப்பொருளின் குறையால் விளைந்தது. மருந்து கண்முன் இருந்தமையால் அளவுகோலை ஐயுற வேண்டும் என்ற எண்ணம் காலந்தாழ்ந்தே வந்தது.

7. மருந்துண்ணாத குழந்தைகள்

இப்போது மறுபுறம் திரும்புவோம். 1981-இல் வியட்நாமின் ஹோ சி மின் நகரில் கைக்குழந்தைகள் இரத்தம் பெருகி மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டன. அவர்களுள் எவரும் உறைவெதிர்ப்பு மருந்து உண்டவர் அல்லர். பதிவான 741 குழந்தைகளில் 177 பேர் இறந்தனர். காரணம் குழந்தைகளின் உடலில் பூசப்பட்ட முகப்பூச்சுத்தூளில் இருந்தது. அத்தூளில் வார்ஃபரின் கலந்திருந்தது. புண்பட்ட தோல் வழியே அது உட்சென்றது. 1983-இல் லான்செட் இதழ் இதனை வெளியிட்டது.

மருத்துவ வகைப்பாட்டின்படி இக்குழந்தைகள் ‘மருந்து எடுக்காதோர்’. உண்மையில் அவர்களின் இரத்தத்தில் மருந்து இருந்தது. இதனோடு ஒப்பிடத்தக்க நிகழ்வு 2018-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்தது. செயற்கைக் கஞ்சா பயன்படுத்திய 150-க்கும் மேற்பட்டோர் சில வாரங்களுக்குள் இரத்தப்போக்குடன் மருத்துவமனைகளை நாடினர். வார்ஃபரினை எலிகள் தாங்கப் பழகிய பின்னர் உருவாக்கப்பட்ட புரோடிஃபகூம் என்னும் வலிய எலி நஞ்சு அப்பொருளில் கலந்திருந்தது. அது உடலில் மாதக்கணக்கில் தங்குவதால் வைட்டமின் கே-யும் மாதக்கணக்கில் கொடுக்கப்பட வேண்டும். காரணத்தைத் தவறவிட்டு ‘தானாக’ என்றெழுதி வீட்டுக்கு அனுப்பினால் நோயாளி மீண்டும் குருதி பெருகியே திரும்புவார்.

8. சோழமண்டலக் கரையின் விரியன்

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கு நேரடியான பங்கொன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராகப் பணியாற்றிய பேட்ரிக் ரஸ்ஸல், விசாகப்பட்டினத்தில் தங்கிப் பாம்புகளைத் திரட்டினார். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிய அவரது நூல் 1796-இல் வெளிவந்தது. தமிழில் கண்ணாடி விரியன் எனப்படும் பாம்பு ஆங்கிலத்தில் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் கடிக்குள்ளானோரின் ஈற்றிலும் சிறுநீரிலும் உள்ளுறுப்புகளிலும் இரத்தம் கசியலாம். இரத்தம் உறையாமல் போகலாம். இந்திய மருத்துவமனைகளில் இன்றும் நோயாளியின் இரத்தத்தைத் தூய கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை இதற்காகவே செய்யப்படுகிறது.

ஆயினும் குருதி பெருகச் செய்யும் இந்நஞ்சு, ஆய்வுக்குழாயில் இரத்தத்தை நொடிகளில் உறைய வைக்கிறது. உடலுக்குள் உறைவுப் பொருள்கள் அனைத்தையும் ஒருசேரச் செலவழித்துவிடுவதாலேயே பின்னர் உறைய ஒன்றும் எஞ்சுவதில்லை. இலண்டனின் மக்ஃபார்லேனும், அந்நகர் விலங்குக் காட்சிசாலையின் ஊர்வனப் பொறுப்பாளர் பர்ஜஸ் பார்னெட்டும் இவ்வியல்பைப் பயன்படுத்தினர். மிக நீர்த்த விரியன் நஞ்சை ஹீமோஃபிலியா நோயாளியின் காயத்தில் வைத்தால் குருதி நிற்பதை 1934-இல் அறிவித்தனர். 1964-இல் உறைவுப் புரதங்கள் ஒன்றையொன்று படிப்படியாகத் தூண்டும் அருவி போன்ற தொடர்வினையை முன்வைத்தவர்களுள் ஒருவர் அதே மக்ஃபார்லேன். நம் வயல்வரப்புகளில் உயிர்குடித்த நஞ்சு இன்று உறைவு ஆய்வகங்களில் அன்றாட வினைப்பொருள்.

மலாயாவிலிருந்து மற்றொரு செய்தி. அலிஸ்டெய்ர் ரெய்டும் உடன் பணியாற்றியோரும் 1963-இல், மலாயா குழிவிரியனால் கடியுண்ட சிலரின் இரத்தம் நாள்கணக்கில் உறையாமலேயே இருந்தபோதும், பெரிய அளவில் குருதிப்போக்கு நேராமல் அவர்கள் இருந்ததைக் குறிப்பிட்டனர். உறையாமை மட்டும் குருதியை வெளியேற்றுவதில்லை. குழாயில் எங்கோ திறப்பு வேண்டும் என்பதற்கு இது வலுவான சான்று. வார்ஃபரின் உண்ணும் நோயாளிக்கு உள்ளே இரத்தம் பெருகும்போது நாம் கேட்க வேண்டிய இரண்டாம் வினாவை இதுவே நினைவூட்டுகிறது: மருந்து உறைவைத் தடுத்தது சரி, திறந்தது எது?

9. ஊசியும் ஐயமும்

1894-இல் பாஸ்டன் மருத்துவர் சார்லஸ் டவுன்சென்ட், பிறந்த சில நாள்களுக்குள் இரத்தம் பெருகிய 50 குழந்தைகளை விவரித்தார். ஹீமோஃபிலியாவைப் போன்று மரபுவழி வராததும், சில நாள்களில் தானே அடங்குவதுமான அந்நோயின் காரணம் அன்று விளங்கவில்லை. தொப்புள்கொடி வழியே வைட்டமின் கே குறைவாகவே கடக்கிறது. தாய்ப்பாலிலும் அது குறைவு என்பது பின்னர் அறியப்பட்டது. பிறந்தவுடன் ஓர் ஊசி அதனைத் தடுக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1961-இல் அதனைப் பரிந்துரைத்தது. இந்திய அரசு 2014-இல் மருத்துவமனைப் பிறப்புகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது.

இதற்கிடையே 1992-இல், இந்த ஊசிக்கும் குழந்தைப் புற்றுநோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பெற்றோரும் மருத்துவர்களும் அஞ்சினர். பின்வந்த பெரிய ஆய்வுகள் அத்தொடர்பை உறுதிப்படுத்தவில்லை. எனினும் அச்சம் முற்றிலும் அகலவில்லை. ஊசி மறுக்கப்பட்ட குழந்தைகளில் சிலர், பிறந்து சில வாரங்கள் கழித்து மூளைக்குள் இரத்தம் பெருகி மருத்துவமனைக்கு வருகின்றனர். பெற்றோருக்கு அது திடீரென, தானாக நேர்ந்ததாகவே தோன்றும். அதன் காரணமோ நூறாண்டுக்கால ஆய்வால் நன்கு தெளிந்தது.

10. முடிவாக

மேற்கண்ட நிகழ்வுகளைத் தொகுத்து நோக்கின் ‘தன்னியல்பான’ என்னும் அடைமொழி நோயின் தன்மையைக் காட்டிலும், அதனை எழுதியவரின் காலத்து அறிவெல்லையையே மிகுதியும் சுட்டுகிறது எனலாம். வெப்ஃபருக்கு முன் மூளைக் குருதி அவ்வெல்லைக்கு வெளியே இருந்தது. ஸ்கோஃபீல்டுக்கு முன் மாட்டின் குருதி. டாமுக்கு முன் கோழிக்குஞ்சின் குருதி. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அச்சொல்லை விடையாக ஏற்க மறுத்ததாலேயே எல்லை நகர்ந்தது.

‘மருந்தால் நேர்ந்தது’ என்னும் விடையும் இதே கவனத்துக்குரியது. சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம் காணும் நோயாளி உறைவெதிர்ப்பு மருந்து உண்பவர் என்பதால் தேடலை நிறுத்தினால், கசிந்துகொண்டிருந்த புற்றுநோய் கண்ணிலிருந்து தப்பிவிடும். மருந்து பல நேரங்களில் ஏற்கெனவே இருந்த நோயை முன்கூட்டியே வெளிப்படுத்துகிறது. இதற்கு நேர்மாறாக, குருதி பெருகுமென்ற அச்சத்தால் மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்துவோர், எதைத் தடுக்க அம்மாத்திரை கொடுக்கப்பட்டதோ அந்தப் பக்கவாதத்துக்கே ஆளாகக்கூடும். இரு வகையிலும் விலை கொடுப்பவர் நோயாளியே.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். மேலே சொல்லப்பட்ட வரலாற்றின் பெரும்பகுதி ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வகங்களின் ஆவணங்களை வைத்து எழுதப்பட்டது. நம் நாட்டு மாவட்ட மருத்துவமனைகளின் பழைய பிணப்பரிசோதனைக் குறிப்புகள், பாம்புக்கடிப் பதிவேடுகள், மகப்பேற்று மனைகளின் பிறப்பு இறப்பு ஏடுகள் ஆகியவற்றிலும் காரணம் எழுதப்படாத குருதிப்போக்குகள் இருக்கும். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் என்ன எழுதினார்கள், எதனை வெறுமையாக விட்டார்கள், எந்த மொழியில் எந்தச் சொல்லை ஆண்டார்கள் என்பதை ஒரே ஒரு மாவட்டத்துக்கேனும் முறையாகத் தொகுத்தால், இந்திய மருத்துவ வரலாற்றுக்கு அது புதிய ஆதாரமாகும். கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகுமுன் அவ்வேடுகளைத் தேடிச் செல்வது நம் தலைமுறை ஆய்வாளர்களின் கையில் இருக்கிறது.